என் தலை அன்று என்ன சொன்னது

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, மேற்கு சிட்னியில் ஒரு வைத்தியசாலையின் வாகனத் தரிப்பிடத்தில் நான் செத்துக்கொண்டிருந்தேன். பயிற்சிக்காகத்தான். பெரிய விபத்தொன்று நடந்தால் காயக்காரர்களை எப்படித் தரம் பிரிப்பது என்று இளம் வைத்தியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாள் அது. காயக்காரர்களாக நடிக்க ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிடுகிறார்கள். மத்தியானச் சாப்பாடும் தருகிறார்கள். என் வயிற்றில் சிவப்புச் சாயத்தைப் பூசி, கழுத்தில் ஒரு மட்டையைத் தொங்கவிட்டு, தார்த் தரையில் படுக்க வைத்தார்கள். வாழ்நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்தவனுக்கு, நோயாளியாகக் கிடப்பது எவ்வளவு சலிப்பான வேலை என்று அன்றுதான் விளங்கியது.

ஒரு பெண் வைத்தியர் ஓடி வந்து நாடியைப் பிடித்தாள். "சிவப்பு" என்று உரக்கச் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஆண் தாதி, "சிவப்பு என்று சொன்னீர்கள்" என்றான். "ஆம், சிவப்பு" என்று அவள் மறுபடியும் சொன்னாள். இப்போது இதுதான் முறையாம். சொன்னதைக் கேட்டவர் திருப்பிச் சொல்லவேண்டும், சொன்னவர் அதைச் சரி பார்க்கவேண்டும். ஒரே சொல்லை மூன்று தரம் கேட்டுக்கொண்டு கிடந்த எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வேறொரு நாள் நினைவுக்கு வந்தது.

தேநீர் இடைவேளையில் அந்தப் பெண் வந்து பேசினாள். பெற்றோர் யாழ்ப்பாணமாம். "அங்கிள், நீங்க வோர் ஸோனில எல்லாம் வேர்க் பண்ணின நீங்களாமே? அங்க எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டாள்.

"தலையாட்டினனாங்கள்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாயத்தைக் கழுவும்போது சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் தெளியும் என்று சொல்கிறார்கள், எனக்கு அந்த நம்பிக்கை குறைவு.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்தேன். நாட்டை விட்டு வந்து, இங்கே எல்லாச் சோதனைகளையும் மறுபடி எழுதி, அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். எழுதினால் இரண்டு வரி, அனுபவித்தது பாதி ஆயுள். சிட்னியின் மேற்கே கிரவீனில் வீடு. மனைவி மலர். ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் இருக்கும்போது, போர் நடக்கும் இடங்களுக்கு வைத்தியர்களை அனுப்பும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டேன். அவர்களும் எடுத்துவிட்டார்கள்.

செய்தி பரவியது. பக்கத்து ஊரான பென்டில் ஹில்லில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் ஒரு பழைய நண்பர் என்னை மறித்தார். "எங்கட சனம் சாகேக்க நீர் போகேல்லை. இப்ப வேற ஆரின்ரயோ சண்டைக்குப் போறீராம்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். என் கையில் கத்தரிக்காய்ப் பை. வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னேன்.

"அவர் கேட்டது பிழையே?" என்றாள்.

"இல்லை."

"அப்ப போகாதேங்கோ."

"போகத்தான் போறன்."

"ஏன்?"

"தெரியேல்லை."

அவள் என் காலுறைகளைச் சோடி சோடியாகச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். நண்பரும் நானும் இப்போதும் கதைக்கிறோம், அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

போன இடம் அரபு பேசும் ஒரு நாடு. பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் ஒருவரின் உறவினர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். வைத்தியசாலை என்று சொல்வதெல்லாம் மரியாதைக்குத்தான். முன்பு தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, சேர்த்து வைத்த களஞ்சியம் அது. குளிரூட்டும் அறைகள் விடுதிகளாகவும், லொறிகளில் பெட்டி ஏற்றும் மேடை காயக்காரர்களை இறக்கும் இடமாகவும் மாறியிருந்தன. எந்த மருந்தைப் போட்டுக் கழுவினாலும் மழை நாட்களில் பழ வாசம் கிளம்பிவிடும். இரத்த வாடைக்கு நடுவே தோடம்பழ வாசம் வந்தால், பசிப்பதா குமட்டுவதா என்று வயிற்றுக்குக் குழப்பம் வந்துவிடும்.

பொறுப்பாளர் ஹெல்கா என்ற நோர்வேப் பெண், சத்திரசிகிச்சை நிபுணர். என்னை விட இளையவர், என்னை விட உயரமானவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குனிந்து, தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டுவார். அவர் குனிவதைக் கண்டால் நாங்கள் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்போம். நோயாளியிடம் போனால் முதலில் முழங்காலில் இருப்பார். தன் பெயரைச் சொல்லுவார். நினைவில்லாதவரிடமும் சொல்லுவார். மேலே நின்று எட்டிப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. நோயாளிக்கு மூக்குத் துவாரம்தான் தெரியும் என்பார்.

தரம் பிரிப்பதற்கு அவர் வைத்திருந்த முறை இதுதான். ஏற்றும் மேடையில் ஒரு வைத்தியர், அவர் தோளோடு ஒரு உள்ளூர்த் தாதி. வைத்தியர் மூச்சைப் பார்ப்பார். மணிக்கட்டில் நாடி இருக்கிறதா என்று பார்ப்பார். கையைப் பிடிக்கச் சொல்லி, பிறகு விடச் சொல்லி, சொன்னது மண்டைக்குள் போகிறதா என்று பார்ப்பார். அதற்கு மேல் ஒன்றும் பார்க்கக் கூடாது. வயது, உடுப்பு, கூட வந்தவரின் அழுகை எதையும் பார்க்கக் கூடாது. தாதியின் இடுப்பில் துணிக் கீலங்கள் தொங்கும். சிவப்புக் கட்டினால் உடனே சத்திரசிகிச்சைத் தியேட்டர். மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை, நடக்கக்கூடியவர். பிழைக்கமாட்டாதவர்களுக்கான நான்காவதற்கு மற்ற இடங்களில் கறுப்பு வைப்பார்கள், ஹெல்கா நீலம் வைத்திருந்தார். கறுப்பைக் கண்டால் உறவினருக்கு விளங்கிவிடும் என்பது அவர் நியாயம். நீலம் கட்டியவர்கள் பக்கத்துக் கூடாரத்துக்குப் போவார்கள். அங்கே வலிக்கு மருந்து உண்டு, உதட்டை நனைக்க ஈரத்துணி உண்டு, கையைப் பிடித்துக்கொண்டிருக்க ஓர் ஆள் உண்டு. சத்திரசிகிச்சை மேசையும் ஏற்றுவதற்கு இரத்தமும் மட்டும் இல்லை.

மஞ்சளையும் பச்சையையும் வாயால் சொல்லலாம். சிவப்பா நீலமா என்று வரும்போது மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்பது கண்டிப்பான சட்டம். "மயங்கிக் கிடப்பவருக்கும் காது கேட்கும்" என்பார் ஹெல்கா. ஆகவே அந்த இடத்தில் தலையால்தான் பேசவேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் சிவப்பு. இடமும் வலமும் ஆட்டினால் நீலம். சின்னக் குழந்தைக்கும் விளங்கும் ஏற்பாடு. ஆனால் அவர் ஒரு யாழ்ப்பாணத்தானின் தலையைக் கணக்கில் எடுக்கவில்லை.

எங்கள் தலை மேலும் கீழும் ஆடுவது குறைவு. சம்மதம் என்றால் ஒரு பக்கமாகச் சரியும். 'சரி, பார்ப்போம்' என்றாலும் சரியும். 'என்ன செய்வது' என்று கைவிட்டாலும் அதே பக்கம்தான் சரியும். போதாக்குறைக்கு நாக்கு வேறு. ஒருவர் துக்கத்தைச் சொன்னால் எங்களை அறியாமல் 'ச்சு' என்று சூள் கொட்டுவோம். போன முதல் வாரமே அதில் மாட்டிக்கொண்டேன். ஒரு முதியவர் தன் வீடு விழுந்ததையும் ஆடுகள் செத்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மனம் இளகிச் 'ச்சு' என்றேன். அவர் நிறுத்திவிட்டு முறைத்தார். இன்னும் கொஞ்சம் சொன்னார். நான் இன்னும் உருக்கமாக 'ச்சு ச்சு' என்றேன். மனிதர் எழுந்து என்னை ஏசத் தொடங்கிவிட்டார்.

என்னோடு நின்ற தாதி யூசுப்புக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. யூசுப் அந்த ஊர்க்காரர், முப்பது வயதிருக்கும், நல்ல ஆங்கிலம். அவரும் நானும் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன். "டொக்டர், எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு 'இல்லை' என்று அர்த்தம். அவர் வீடு விழுந்தது என்கிறார், நீங்கள் இல்லை என்கிறீர்கள். ஆடு செத்தது என்கிறார், இல்லவே இல்லை என்கிறீர்கள்" என்றார். முதியவரிடம் போய் விளக்கம் சொன்னார். முதியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

கதை ஹெல்காவின் காதுக்குப் போனது. "உங்கள் தலை இரண்டே இரண்டு விஷயம்தான் சொல்லவேண்டும்" என்று சொல்லி, அம்புலன்ஸின் பக்கக் கண்ணாடி முன்னால் என்னை நிற்க வைத்துப் பழக்கினார். மேலும் கீழும். இடமும் வலமும். யூசுப் பின்னால் நின்று என் தலை சரிவதைச் செய்து காட்டிக் கேலி பண்ணுவார். "இது எந்த நிறம், டொக்டர்? ஊதாவா?" என்பார். சிரித்துச் சிரித்துப் பழகினேன். சில வாரங்களில் தேறிவிட்டேன் என்று எல்லாரும் நினைத்தோம்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

மத்தியானம் சந்தையில் குண்டு விழுந்தது. வாகனங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. மேடையில் நானும் யூசுப்பும் நின்றோம். தியேட்டரில் இரண்டு மேசை. ஒன்றில் ஏற்கெனவே சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருந்தது, மற்றது காலியாகப்போகிறது. வந்தவர்களில் ஒரு ஆண், வயிற்றில் காயம், பேசக்கூடிய நிலை, நாடி நன்றாக இருந்தது. மஞ்சள் என்று சொன்னேன். காலியாகும் மேசை அவருக்கு என்று வைத்துக்கொண்டு அடுத்த வாகனத்துக்குப் போனேன்.

அதில் ஒரு பெண் கிடந்தாள். நடுத்தர வயது. ஒரு காலில் மட்டும் காலுறை. நெஞ்சிலும் வயிற்றிலும் காயம். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. மணிக்கட்டில் நாடி இல்லை. சட்டப்படி நீலம். நான் முழங்காலில் இருந்து என் பெயரைச் சொன்னேன். அவள் கை எழுந்து என் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பின் குழாயைப் பிடித்தது. எனக்குத் தெரிந்த கொஞ்ச அரபியில் கையை விடச் சொன்னேன். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

நான் தடுமாறியது அந்த இடத்தில்தான். சொன்னது அவளுக்கு விளங்கவில்லை என்று எடுப்பதா? அப்படியென்றால் நீலம். அல்லது, நன்றாக விளங்கித்தான் மாட்டேன் என்கிறாளா? அப்படியென்றால் அவளுக்குள் இன்னும் ஆள் இருக்கிறது. சிவப்பு. பின்னால் அடுத்த வாகனம் ஹோர்ன் அடித்தது. என்னை மீறி நாக்கு 'ச்சு' என்றது. மனதுக்குள் 'போகட்டும்' என்று ஒரு சொல் ஓடியது. தலை வலப்பக்கம் சரிந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு எழுந்து, அடுத்த வாகனத்துக்குப் போனேன்.

'போகட்டும்.' தமிழ் தெரிந்தவர்களே சொல்லுங்கள், அதற்கு என்ன அர்த்தம்? தியேட்டருக்குப் போகட்டும் என்றா நினைத்தேன்? அல்லது உயிர் போகட்டும், நாங்கள் செய்ய ஒன்றுமில்லை என்றா? எத்தனையோ தரம் அந்த நேரத்துக்குள் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். சொல் காதில் அப்படியே கேட்கிறது, அர்த்தம் மட்டும் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது அவள் மணிக்கட்டில் சிவப்புக் கீலம் இருந்தது. தூக்கிக்கொண்டு தியேட்டருக்குள் போனார்கள். 'ஓ, அப்படியா சொன்னேன்?' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவுமில்லை. உண்மையைச் சொன்னால் மனதுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அவள் பிழைத்தாள். ஹெல்கா நெடுநேரம் மேசையில் நின்றார். இருந்த இரத்தத்தில் பெரும்பகுதி அவளுக்குப் போனது. மற்ற மேசையும் நினைத்த நேரத்துக்குக் காலியாகவில்லை. மஞ்சள் கட்டிக் காத்திருந்த மனிதருக்கு உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அவரைத் தூக்கும்போதே முடிந்துவிட்டது.

பின்னேரம் ஹெல்கா வெளியே வந்து, "அந்தப் பெண்ணுக்குச் சிவப்பு யார் சொன்னது?" என்று கேட்டார். "நான்" என்றேன். சட்டென்று வந்த பதில். "நான் பார்த்திருந்தால் நீலம் சொல்லியிருப்பேன். நல்ல கண் உங்களுக்கு" என்று என் தோளைத் தொட்டார். அவரிடம் பாராட்டு வாங்குவது லேசான காரியமில்லை. சற்றுத் தள்ளி ஸ்ட்ரெச்சர்களைக் கழுவிக்கொண்டிருந்த யூசுப் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து கழுவத் தொடங்கினார். அடுத்த சில நாட்கள் அவர் என்னைக் கேலி பண்ணவில்லை. பிறகு லீவு எடுத்துக்கொண்டு போனவர், என் காலம் முடிந்து நான் புறப்படும் வரைக்கும் வரவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

சிட்னிக்கு வந்தேன். மறுபடி வேலை, பிறகு ஓய்வு. எங்கேயாவது பேசக் கூப்பிட்டால் அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லுவேன். விதிமுறைக்கு அப்பால் சில நேரம் மனிதனைப் பார்க்கவேண்டும் என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். மலர் மட்டும் ஒருநாள் காரில் வரும்போது, "அந்த மற்ற மனிசன்ர கதையையும் சொல்லலாமே" என்றாள். "நேரம் காணாது" என்றேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் மெல்பேர்ணிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. பேசியவள் ஒரு தமிழ்ப் பெண், முதியோர் இல்லமொன்றில் தாதி. அவளோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர், அவள் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டு, "நீங்கள் அந்த டொக்டருடைய நாடா?" என்று கேட்டிருக்கிறார். என் பெயரையும் சொல்லியிருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு இரண்டு பேரிடம் கேட்டால் மூன்றாமவர் சொந்தமாக வந்துவிடுவார். என் இலக்கத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மாலைப் பொழுதுகூட ஆகவில்லை. "யூசுப் எண்டு சொன்னா உங்களுக்குத் தெரியுமாம். உங்களைக் கட்டாயம் ஒருக்காச் சந்திக்கோணுமாம்" என்றாள்.

மலருக்கு, மெல்பேர்ணில் த பேசின் என்ற இடத்திலுள்ள பிள்ளையாருக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. அதைச் சாட்டி இருவரும் மெல்பேர்ண் போனோம். கோயிலுக்குப் போய்விட்டு, வாடகைக் காரில் யூசுப் இருக்கும் கிரெய்கிபர்னுக்கு ஓடினோம். புது வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. தெருவைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் வாசலில் நின்ற யூசுப்பைக் கண்டுபிடித்தோம். தலை நரைத்திருந்தது. கட்டிப்பிடித்தார். ஆனால் கேலி இல்லை. உள்ளே கொண்டுபோய் இருத்தினார். அவருடைய தங்கை மரியம் சிறிய கண்ணாடிக் கோப்பைகளில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் அதிகம் வராதாம்.

சுகம் விசாரித்து முடிந்ததும் யூசுப் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"டொக்டர், சந்தையில் குண்டு விழுந்த நாள். ஒரு பெண். நீங்கள் 'ச்சு' என்றீர்கள். தலையைச் சரித்தீர்கள். நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது."

"மஞ்சள் கட்டி ஒருவர் காத்திருந்தார். அவர் மரியத்தின் கணவர்."

மலர் கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்கள் ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னால் ஹெல்கா என்னை மேடையிலிருந்து விலக்கியிருப்பார். சொந்தக்காரர் வந்தால் ஒதுங்க வேண்டும் என்பது சட்டம். ஆங்கிலம் தெரிந்த வேறு ஆள் அன்று இல்லை." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உங்கள் தலை ஆமென்றதா இல்லை என்றதா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் நான் என்ன விரும்பினேன் என்று எனக்குத் தெரியும். இல்லையாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன். அவள் கூடாரத்துக்குப் போனால் மேசை என் மச்சானுக்கு. அப்படி விரும்பியதால் எனக்கு என் கண்ணில் நம்பிக்கை போய்விட்டது. எனக்கு வேண்டியபடி வாசித்துவிடக் கூடாது என்று பயந்து சிவப்பைக் கட்டினேன். அன்றிலிருந்து ஒரே கேள்விதான், டொக்டர். நீங்கள் ஆம் என்றீர்களா, இல்லை என்றீர்களா? நீங்கள் ஆம் என்றிருந்தால் நான் என் வேலையைச் செய்தேன். இல்லை என்றிருந்தால், என் தங்கையின் கணவரை நான் சும்மா கொன்றேன்."

நான் மலரைப் பார்த்தேன். அவள் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'தெரியாது' என்பதுதான் என்னிடம் இருந்த உண்மை. அந்த உண்மையை இந்த மனிதரிடம் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்வார்? அதே நேரம் இன்னொன்றும் ஓடியது. பிழைத்த பெண்ணின் கதையைச் சொல்லி மேடை மேடையாகக் கைதட்டு வாங்கியவன் நான். அப்போதெல்லாம் ஆம் என்றுதானே சொன்னேன்? இப்போது மட்டும் எப்படிச் சந்தேகம் வரலாம்?

"ஆம் என்றுதான் சொன்னேன்" என்றேன். "சிவப்பு. நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள்."

யூசுப் என் முகத்தையே பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. "எனக்காகச் சொல்லாதீர்கள், டொக்டர்" என்றார்.

"உங்களுக்காக இல்லை" என்றேன்.

அப்போது சுவரோரம் நின்ற மரியம் அரபியில் ஏதோ கேட்டாள். யூசுப் தயங்கிவிட்டு மொழிபெயர்த்தார். "தன் கணவர் உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்கிறாள். கடைசியாக. அவரோடு பேசியது நீங்களும் நானும்தான். என்னிடம் அவர், காயத்தைப் பற்றி மரியத்திடம் சொல்லாதே, பயந்துவிடுவாள் என்று மட்டும் சொன்னார். உங்களிடம் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறாள்."

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் ஒற்றைக் காலுறை வந்தது. அவள் விரல்களின் பிடி வந்தது. ஹோர்ன் சத்தம் வந்தது. அந்த மனிதரின் முகம் மட்டும் வரவில்லை. மஞ்சள் கீலம் கட்டிய ஒரு மணிக்கட்டு, அவ்வளவுதான். அவர் என்னோடு பேசினார், பேசக்கூடிய நிலை என்று நானே குறித்தேன். என்ன பேசினார்? ஒன்றும் இல்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம். உங்களை நினைத்தார், பிள்ளைகளைக் கேட்டார் என்று சொல்லியிருந்தால் யார் சரி பார்க்கப் போகிறார்கள்? ஒரு பொய் சொல்லியாயிற்று, இரண்டாவது சொல்வதற்கு ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை. ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்க்க எனக்கு வாய் வரவில்லை.

"நினைவில்லை" என்றேன். "அவர் முகமே எனக்கு நினைவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்."

யூசுப் அதை அரபியில் சொன்னார். மரியம் கேட்டாள். பிறகு வந்து, நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து முதல் தடவையாக, தமையனுக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தாள். என்னிடம் பேசவில்லை, அவரிடம்தான் பேசினாள். மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பேசினாள். யூசுப்பின் முகம் மாறத் தொடங்கியது.

"என்ன சொல்கிறாள்?" என்று மலர் ஆங்கிலத்தில் கேட்டாள்.

யூசுப் துண்டு துண்டாகத்தான் சொன்னார். "அவரைத் தெரிந்த எல்லாரும் எனக்கு ஏதாவது ஒரு நல்ல வார்த்தையைக் கொண்டுவந்து தந்தார்கள் என்கிறாள். அவரைக் காணாதவர்கள்கூட. இந்த மனிதர் நினைவில்லை என்கிறார். அழகாக ஒரு பொய் சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்தியிருக்கலாம், சொல்லவில்லை. இப்படிப்பட்டவர் உன்னிடம் மட்டும் பொய் சொல்லுவாரா என்று கேட்கிறாள். அவர் ஆம் என்றால் ஆம்தான், இனி நீ நித்திரை கொள் என்கிறாள்."

சொல்லி முடித்ததும் அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மரியம் அவர் தலையில் கையை வைத்தாள். நான் தேநீரைக் குடித்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து, நில்லுங்கள், முதலில் சொன்னதுதான் எனக்கு நிச்சயமில்லை என்று சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லியிருந்தால் நான் நேர்மையானவனாகியிருப்பேனா, கொடியவனாகியிருப்பேனா? சில நேரம் யோசிக்கும்போது நான் பொய்யே சொல்லவில்லை என்றும் படுகிறது. தலை உண்மையிலேயே ஆமென்று சரிந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது.

சாப்பிடாமல் விடமாட்டோம் என்றார்கள். சாப்பிட்டோம். யூசுப் வாசல்வரை வந்து, வெகு காலத்துக்குப் பிறகு, என்னைப் போலத் தலையைச் சரித்துக் காட்டினார். மலர் சிரித்தாள். நானும் சிரிப்பதுபோல ஏதோ செய்தேன்.

நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு மலர் கேட்டாள். "அண்டைக்கு உண்மையாவே ஓம் எண்டுதான் ஆட்டினனீங்களோ?"

"தெரியேல்லை."

"சரி. இனி ஓம்தான். அந்தப் பெடியன் நித்திரை கொள்ளட்டும்."

"ஓம் எண்டா, மரியத்தின்ர மனிசனைச் சாக விட்டது நான்தான்."

"ஓம்" என்றாள் அவள். பிறகு, "அந்த மனிசன்ர பேர் என்ன?" என்று கேட்டாள்.

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். அவர் சாவை என் கணக்கில் எழுதிக்கொண்டு, அவர் மனைவி இருக்கும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். பெயரைக் கேட்கவில்லை.